உப்பும் நீரும்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று நம் முன்னோர் உப்பைப் போற்றினர். உண்ட வீட்டை மறவாதிருக்க வேண்டும் என்று சொல்லப் புகுந்த போதும், சோற்றை நினை என்னாது, "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்றே சொல்லி வைத்தனர். நீரையோ தாயென்றும் தெய்வமென்றும் கும்பிட்டனர். ஆயின், உப்பும் நீரும் ஒன்றையொன்று அளந்து நிற்கும் முறையைப் பற்றி அவர்கள் பழமொழி யாதும் கூறியதாக நான் கேட்டதில்லை. அம்முறையை நான் கற்றது வகுப்பறையில். உணர்ந்ததோ என் பாட்டனாரின் நோய்ப் படுக்கையருகில். கற்றதற்கும் உணர்ந்ததற்கும் இடையே நான் செய்த பிழையொன்று கிடக்கிறது. அப்பிழையை மறையாது எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். என்னைப்போல் அரைகுறையாய்க் கற்று முழுமையாய் நம்பும் மாணவ நண்பர் ஒருவருக்கேனும் இது பயன்படுமாயின், எழுதியதற்குப் பலன் கிடைத்ததென மகிழ்வேன்.

திண்டுக்கல் நகரைச் சேர்ந்த பேகம்பூர் என் பிறப்பிடம். ஹைதர் அலியின் தங்கையாராகிய அமீருன்னிஸா பேகம் அங்குள்ள பெரிய பள்ளிவாசலில் அடக்கமாகியிருக்கிறார். அவ்வம்மையாரின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று என்பர். திண்டுக்கல் என்றவுடன் வெளியூரார்க்கு மலைக்கோட்டையும் பூட்டும் நினைவுக்கு வரும். பேகம்பூரில் வளர்ந்தவர்க்கோ முதலில் நினைவுக்கு வருவது தோல் பதனிடும் சாலைகளே. அவற்றைத் 'தோல் ஷாப்பு' என்றே எங்கள் பக்கத்தில் வழங்குவர். என் பாட்டனார் தம் பதினாறாம் வயது முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தோல் ஷாப்பில் உழைத்தவர். தோலுக்கு உப்பிடுதல், உப்புத் தோலை உதறுதல், குழியில் ஊறவைத்தல் ஆகியவை அவருடைய வேலைகள். அவருடைய உள்ளங்கைத் தோல் வெடித்துப் பாளம்பாளமாய் இருக்கும். சிறு வயதில் அக்கையைத் தடவிப் பார்த்து, "தாத்தா, உங்கள் கையையும் பதனிட்டு விட்டார்களா?" என்று கேட்பேன். அவர் சிரிப்பார்.

உரித்த தோலை அப்படியே விட்டால் ஓரிரு நாளில் அழுகிப்போம். ஆதலின், தோலின் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு அளவிலோ அதற்கு மேலோ உப்பை அதன்மேல் பரப்பி அடுக்கி வைப்பது வழக்கம். உப்பு உள்ளே புகுந்து தோலைக் காக்கிறதென்றே நான் எண்ணியிருந்தேன். பாட்டனார் வேறு விதமாய்ச் சொன்னார்: "உப்பு உள்ளே போவது பாதிதான், தம்பி. உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே வாங்குவதுதான் அதனுடைய பெரிய வேலை. காலையில் உப்புப் போட்ட தோலுக்குக் கீழே மாலையில் போய்ப் பார். தண்ணீர் ஓடும். யார் ஊற்றினது? ஒருவரும் ஊற்றவில்லை. தோல் விட்ட தண்ணீர் அது." சவ்வூடு பரவல் என்னும் பெயரை நான் கேட்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, அதன் செயலை இவ்வாறு அவர் எனக்குக் காட்டிவிட்டார்.

மற்றொரு பாடமும் அவரிடம் கேட்டதுண்டு. எங்கள் தெருக் கிணற்று நீர் ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்த பின் துணி துவைக்க உதவும். சித்திரை வைகாசியில் அதே நீர் நாவிற் படாதபடி உவர்க்கும், சவுக்காரம் நுரைக்காது. "வெயில் காலத்தில் யாராவது கிணற்றில் உப்பைக் கொட்டுகிறார்களா?" என்று கேட்டேன். "உப்பு அதேதான். தண்ணீர் குறைந்து போயிற்று. அவ்வளவுதான் கணக்கு," என்றார். இச்சொல்லை அன்று காதில் வாங்கினேனேயன்றிக் கருத்தில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால், பின்னர் வந்த துன்பம் வந்திராது.

நான் விலங்கியல் பட்ட வகுப்பில் இரண்டாம் ஆண்டு பயின்றபோது, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் சென்றேன். பாட்டனாருக்கு அப்போது வயது எழுபத்தாறு. சில நாட்களாகச் சளியும் காய்ச்சலும் இருந்தன. அருகிலிருந்த வைத்தியர் மார்பைச் சோதித்து, நுரையீரலில் அழற்சி கண்டிருப்பதாகக் கூறி மருந்து கொடுத்தார். இரத்தப் பரிசோதனைக்கும் எழுதி, முடிவு வந்த அன்றே தம்மிடம் கொணரும்படி சொல்லியனுப்பினார். முடிவு ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் வந்தது. அதில் சோடியம் 124 என்று கண்டிருந்தது. ஒரு லிட்டர் இரத்த நீரில் 135 முதல் 145 மில்லிமோல் வரை சோடியம் இருத்தல் இயல்பு.

வீட்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். உடலியல் பயிலும் பிள்ளையன்றோ நான்! சோடியம் என்பது உப்பு, உப்புக் குறைந்திருக்கிறது, குறைந்ததைக் கொடுத்தால் நிறையும் என்று சிறிதும் ஐயமின்றிச் சொன்னேன். "திங்கட்கிழமை வைத்தியரிடம் போகலாம், அதுவரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றும் சொன்னேன். அப்பத்தா மோர் கடைந்து கொடுத்தார். நான் உப்பிட்டுக் கொடுத்தேன். கஞ்சி வடித்தார், அதிலும் உப்பிட்டேன். காய்ச்சல் உள்ளவர் நிறையக் குடிக்க வேண்டும் என்று மணிக்கொரு தம்ளர் நீரும் ஊட்டினேன். "வயிறு நிறைந்துவிட்டது, அப்பு" என்று அவர் மறுத்தபோதும் விடவில்லை.

சனிக்கிழமை இரவு அவர் பேச்சுத் தடுமாறிற்று. பல ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன என் பெரியப்பாவின் பெயரைச் சொல்லி என்னை அழைத்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இரு கைகளாலும் எதையோ வாரி வாரி வீசலானார். அப்பத்தாவுக்குத்தான் அது விளங்கிற்று. "உப்புப் போடுகிறார்" என்று சொல்லி அழுதார். காய்ச்சலின் பிதற்றலென்று நான் இன்னும் ஒரு தம்ளர் மோர் கொடுத்தேன். ஞாயிறு விடியற்காலையில் அவருக்கு வலிப்புக் கண்டது.

மருத்துவமனையில் எடுத்த இரத்தத்தில் சோடியம் 112 ஆக இறங்கியிருந்தது. நான் இரண்டு நாள் உப்புக் கொடுத்திருக்க, 124 ஆக இருந்தது 112 ஆனதெப்படி? டாக்டரம்மா என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னைக் கடியவில்லை. சிறுநீரைச் சோதிக்க அனுப்பினார். அதன் முடிவு வந்ததும் என்னிடம் காட்டி, "பார், தம்பி. இரத்தத்தில் உப்புக் குறைந்திருக்கிறது. சிறுநீரில் உப்பு நிறையப் போகிறது. சிறுநீரும் மிகக் கெட்டியாயிருக்கிறது. இவருக்கு இல்லாதது உப்பு அன்று. இவரிடம் அதிகமாயிருப்பது தண்ணீர்," என்றார்.

அவ்வொரு வாக்கியத்தின் பொருளை முழுதும் அறிய எனக்குப் பல வாரங்கள் ஆயின. கல்லூரிக்குத் திரும்பியபின் நூல் நிலையத்திலிருந்து நான் திரட்டியவற்றை இயன்ற வரை எளிய நடையிற் சொல்ல முயல்கிறேன்.

நம் சிறுநீரகங்கள் இரண்டும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அந்நீருடன் வடியும் சோடியத்தைச் சாப்பாட்டு உப்பாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ ஆகும். ஆனால் நாம் வெளியே விடுவது பெரும்பாலும் ஒன்றரை லிட்டர் நீரும் சில கிராம் உப்புமே. எஞ்சியவையனைத்தும் சிறுநீரகத்தின் நுண்குழல்களால் திரும்ப வாங்கப்படுகின்றன. குழலின் முதற்பகுதியிலேயே உப்பில் மூன்றில் இரண்டு பங்களவு நீருடன் சேர்ந்து திரும்பிவிடும். அடுத்து அக்குழல் கொண்டையூசி போல் சிறுநீரகத்தின் உட்பகுதிக்குள் இறங்கி ஏறுகிறது. ஏறும் பகுதிக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அது உப்பை வெளியே தள்ளும், நீரைத் தள்ளாது. வடிந்த உப்பில் கால் பங்கை இவ்விடத்தில்தான் உடல் மீட்கிறது. இதனால் சிறுநீரகத்தின் உட்பகுதி உவர் நிலமாகிறது. யூரியா என்னும் பொருளும் அங்கே சேர, அதன் செறிவு இரத்தத்தைக் காட்டிலும் நான்கு மடங்கு வரை உயரக்கூடும்.

கடைசியில் வரும் சேகரக் குழல் இவ்வுவர் நிலத்தின் வழியாகவே இறங்கிச் செல்கிறது. குழலின் சுவர் நீரை விடாததாயிருந்தால், உள்ளே வரும் நீர்த்த சிறுநீர் அப்படியே வெளியேறும். சுவரில் நீர் வாயில்கள் திறந்திருந்தாலோ, சுற்றிலும் உள்ள உப்பு குழலுக்குள் இருக்கும் நீரை ஈர்த்து வாங்கிவிடும். சிறுநீர் சிறுத்துச் செறிவுறும். தோலின்மேற் பரப்பிய உப்பு அதனுள்ளிருந்த நீரை வாங்கியதென்று பாட்டனார் சொன்னாரே, அதே வேலையை ஒவ்வொருவரின் சிறுநீரகமும் இரவும் பகலும் செய்துகொண்டிருக்கிறது!

அவ்வாயில்களைத் திறப்பது யார்? மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்னுமிடத்தில் உண்டாகிப் பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பகுதியில் சேமிக்கப்படும் வாசோபிரெசின் என்னும் ஹார்மோனே அது. ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன மிகச் சிறிய பொருள். 1913-ஆம் ஆண்டில் இத்தாலியில் ஃபரினியும் ஜெர்மனியில் வான் டென் வெல்டனும், அளவின்றி நீர் கழியும் நோயாளிகளுக்குப் பிட்யூட்டரியின் பின்பகுதிச் சாற்றைச் செலுத்தி அக்கழிவு குறையக் கண்டனர். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வெர்னி, நாய்களின் தலைக்குச் செல்லும் தமனியில் உப்புநீரைச் செலுத்த உடனே சிறுநீர் குறைவதைக் கண்டு, இரத்தத்தின் செறிவை உணரும் உறுப்பு மூளைக்குள் இருக்கிறதென 1947-ஆம் ஆண்டில் விளக்கினார். இந்த ஹார்மோனைச் செயற்கையில் ஆக்கிக் காட்டிய டு விக்னோவுக்கு 1955-இல் நோபெல் பரிசு கிடைத்தது. உயிரணுக்களில் நீர் புகும் வாயில்களுள் முதலாவதைப் பீட்டர் ஆக்ரே 1992-இல் உறுதி செய்தார். அதன் பொருட்டு 2003-இல் அவரும் அப்பரிசில் பங்கு பெற்றார்.

இரத்தத்தின் செறிவு நூற்றில் ஒன்றிரண்டு பங்கு கூடினாலும் மூளை அதை உணரும், வாசோபிரெசின் சுரக்கும், சேகரக் குழலின் உயிரணுக்களுக்குள் மறைந்திருக்கும் நீர் வாயில்கள் சுவருக்கு வந்து பொருந்தும், நீர் மீளும். தாகமும் உண்டாகும். செறிவு குறைந்தால் சுரப்பு நிற்கும், வாயில்கள் உள்வாங்கும், மிகுதி நீர் வெளியேறும். சித்திரை வெயிலில் பாட்டனார் தோல் ஷாப்பில் உழைத்த நாட்களிலெல்லாம் இவ்வேற்பாடு அவரைக் காத்து வந்ததென்பதில் ஐயமில்லை.

இனி உப்பின் கதைக்கு வருவோம். இந்த ஹார்மோன் சோடியத்தை என் செய்கிறது? நேரே அது செய்வது சோடியத்தையும் ஓரளவு மீட்பதே. ஏறுகுழலில் உப்பை வெளித்தள்ளும் பொறிகளை ஊக்குகிறது. சேகரக் குழலில் சோடியம் புகும் வாயில்களையும் திறக்கிறது. உவர் நிலத்தை வலுப்படுத்தினால் நீரை ஈர்ப்பது எளிதாகுமன்றோ? எனினும், உடலில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கவேண்டும் என்பதை நடத்துவதில் முதலிடம் இதற்கில்லை. அவ்வேலையில் பெரும் பங்கு, சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் அமைந்த சுரப்பியில் உண்டாகும் ஆல்டோஸ்டிரோனுக்கும், அதற்கு எதிராய் இதயம் சுரக்கும் பொருளுக்கும் உரியது. வாசோபிரெசின் முதன்மையாக ஆள்வது நீரை. நீர் கூடினால் அதே உப்பு நீர்த்துப்போம். நீர் குறைந்தால் அதே உப்பு செறிந்துபோம். ஆகவே, பரிசோதனைத் தாளிற் காணும் சோடியத்தின் எண், உடலில் எவ்வளவு உப்பு உண்டு என்பதைச் சொல்வதன்று. உப்புக்கு எவ்வளவு நீர் உண்டு என்பதைச் சொல்வது. நான் தவறியது இவ்விடத்தில்தான். விகிதத்தை அளவென்று படித்தேன்.

நுரையீரல் நோய்களிலும், சில மூளை நோய்களிலும், சில புற்றுநோய்களிலும், சில மருந்துகளாலும், தேவையில்லாத வேளையில் வாசோபிரெசின் சுரந்துகொண்டேயிருப்பதுண்டு. இந்நிலையை ஷ்வார்ட்ஸ், பார்ட்டர் முதலியோர் 1957-ஆம் ஆண்டில் நுரையீரற் புற்றுநோய் கொண்ட இருவரிடம் கண்டு விவரித்தனர். பாட்டனாருக்கு வந்தது இதுவே. இரத்தம் நீர்த்துவிட்டது, ஆயினும் ஹார்மோன் ஓயவில்லை, வாயில்கள் மூடவில்லை, குடித்த நீர் கழியவில்லை. இவ்வாறு தேங்கிய நீரால் இரத்த ஓட்டம் சற்றே நிறைகிறது. நிறைவு கண்ட உடல், 'உப்பை இனிச் சேமிக்க வேண்டா' என்று ஆல்டோஸ்டிரோனைத் தணிக்கிறது. இதயம் தன் உப்புக் கழிக்கும் பொருளைச் சுரக்கிறது. வாசோபிரெசின் நேரே மீட்கும் சிறு உப்பைக் காட்டிலும், இவற்றால் கழியும் உப்பு மிகுதியாகிறது. நீரைப் பிடித்து வைக்கும் உடலே உப்பை விட்டுவிடுகிறது. இரத்தத்தில் உப்புக் குறைந்திருக்கச் சிறுநீரில் உப்பு மிகுந்திருந்த புதிருக்கு விடை இதுதான்.

அப்படியானால் நான் ஊட்டிய உப்பு எங்கே சென்றது? கணக்கிட்டுப் பார்ப்போம். மருத்துவமனைகளில் சாதாரணமாய் ஏற்றும் உப்புநீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு உண்டு. அதாவது 154 மில்லிமோல் சோடியமும் அதே அளவு குளோரைடும், ஆக 308. நோயாளியின் சிறுநீர் அந்நீரைப்போல் இரு மடங்கு செறிவுடையதாயிருப்பின், அந்த 308 முழுவதும் அரை லிட்டர் சிறுநீரிலேயே வெளியேறிவிடும். எஞ்சிய அரை லிட்டர்? உப்பற்ற வெறும் நீராய் உடலில் தங்கும். உப்புநீரை ஏற்றியும் உப்பு இறங்கும். நான் கொடுத்த மோரிலும் கஞ்சியிலும் அவ்வுப்பு நீரில் மூன்றிலொரு பங்கு உப்பும் இருந்திராது. இடையிடையே வெறும் நீரும் ஊட்டினேன். உப்பென்று நான் ஊட்டியதெல்லாம் பாட்டனாருக்கு நீராகவே சேர்ந்தது.

அந்நீர் சென்று தங்கும் இடங்களுள் கொடியது மூளை. உப்பேறி உலர்ந்த தோலை ஊறற்குழியில் இட்டால், அது நீரை உறிஞ்சி உப்புவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வெளியே இரத்தம் நீர்த்துப்போக, மூளையின் உயிரணுக்களும் அவ்வாறே நீரை ஏற்று வீங்குகின்றன. தோலுக்காவது குழியில் இடமுண்டு. மூளையோ எலும்புப் பெட்டிக்குள் அடைபட்டது. பிதற்றலும் வலிப்பும் அதனால் வந்தவை. காற்றில் உப்பு வாரி வீசிய அக்கைகளை நினைக்குந்தோறும், அவ்வேளையில் நான் நீட்டிய மோர்த் தம்ளரும் உடன் நினைவுக்கு வந்து என்னைச் சுடுகிறது.

வலிப்பை நிறுத்த டாக்டரம்மா சிறிதளவு உப்புநீரையே ஏற்றினார். ஆனால் அது நூற்றுக்கு மூன்று பங்கு உப்புடைய நீர். அவருடைய சிறுநீரைக் காட்டிலும் செறிவு மிக்கது. அதைக் கழிக்க, வந்த நீரோடு இன்னும் நீர் வெளியேறியாக வேண்டும். நான் கொடுத்த உப்பும் அவர் கொடுத்த உப்பும் ஒரே உப்புத்தான். அளவே மருந்தையும் தீங்கையும் பிரித்தது. அதன்பின், நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு உட்பட்டே நீராகாரம் அனைத்தும் இருக்கவேண்டும் என்று விதித்தார். அழற்சிக்கு மருந்து தொடர்ந்தது. "சீக்கிரம் 135-க்குக் கொண்டுவரக் கூடாதா?" என்று நான் அவசரப்பட்டேன். "ஒரு நாளில் எட்டு, மிஞ்சினால் பத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. நீர்த்த இரத்தத்துக்கு மூளை தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கும். சட்டென்று உப்பை ஏற்றினால் நரம்புறைகள் சிதைந்து கைகால் விழுந்துவிடக்கூடும். இதற்குப் பொறுமைதான் வேண்டும்," என்றார். எண் ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாய் ஏறிற்று. ஆறாம் நாள் 131.

அந்நாட்களில் நானே அவருக்குச் சிறைக்காவலன் ஆனேன். முன்பு வேண்டாவென்ற போதும் ஊட்டிய கை, இப்போது வேண்டுமென்று கெஞ்சியபோதும் கொடுக்க மறுத்தது. ஒரு செம்பில் அன்றைக்குரிய நீரை அளந்து வைத்து, வாய் நனைக்கும் அளவாய்க் கொடுப்பேன். தெளிவு வந்தபின் ஒரு நாள், "நீ எனக்குச் செய்தது என்ன என்று விளங்கச் சொல்" என்றார். குழல்களையும் வாயில்களையும் பற்றித் தொடங்கினேன். அவர் கேட்டுக்கொண்டே வந்து, பாதியில் கையமர்த்தினார். "இது நம் கிணற்றுக் கணக்குத்தானே! வெயில் காலத்தில் உப்பு ஏறவில்லை, தண்ணீர் குறைந்தது. எனக்கு உப்புக் குறையவில்லை, தண்ணீர் ஏறிற்று. இதற்கா கல்லூரிக்குப் போனாய்?" என்றார். உப்பும் கொஞ்சம் போயிற்று என்று திருத்தலாமென எண்ணினேன், திருத்தவில்லை. தலைகுனிந்து, என் பிழையால் அவர் உயிர் போயிருக்கும் என்பதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "எனக்கும் முதல் வருஷத்தில் எத்தனையோ தோல் கெட்டது. உப்புப் போடுகிற கைக்கு அளவு தெரிய நாளாகும். தெரியாதபோது மேஸ்திரியைக் கேட்க வேண்டும். நீ கேட்கவில்லை. அதுதான் தப்பு," என்றார். அந்தத் தீர்ப்பில் மன்னிப்பும் இருந்தது; தண்டனையும் இருந்தது.

நண்பர்களே, இதைப் படித்தபின் சோடியம் குறைந்த யாவர்க்கும் நீரை மறுக்கத் துணிதல் என் பிழையின் மறுபக்கமேயாகும். வாந்தியாலும் பேதியாலும் உப்பும் நீரும் சேர்ந்தே இழந்தவர்க்கு, உப்பும் சர்க்கரையும் அளவாய்க் கரைத்த நீரே உயிர். இரத்த அழுத்தத்திற்கென உண்ணும் சிறுநீர்ப் பெருக்கிகளாலும் சோடியம் இறங்கும். அங்கே செய்யத் தக்கது வேறு. வாசோபிரெசின் சுரவாதவர்க்கோ நாளொன்றுக்குப் பத்து லிட்டருக்கு மேலும் நீர் கழிவதுண்டு. அவர்க்கு நீரை மறுத்தால் சோடியம் ஏறி உயிர்க்கு இறுதியாகும். எண் ஒன்றாயிருக்கக் காரணம் பலவாதலின், அவ்வெண்ணைத் தாங்கிய தாளை அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்வதே அறிவு. கற்றவன் முதலில் கற்க வேண்டியது, தனக்குத் தெரிந்தது எதுவரை என்னும் எல்லையையே.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். பாட்டனார் வீடு திரும்பிய மாலையில், என் தோளைப் பற்றிக்கொண்டு தெருக் கிணற்றடி வரை நடந்தார். எட்டிப் பார்த்து, "எனக்கு டாக்டரம்மா இருந்தார். இதற்கு யார் இருக்கிறார்?" என்றார். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 சிற்றூர்களில் குடிக்கவும் பாசனத்துக்கும் உதவிய 467 கிணறுகளுள் 350 கெட்டுப்போயின என ஒரு தொண்டு அமைப்பின் ஆய்வு கண்டதை, 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் அளித்த தீர்ப்பில் எடுத்துக் காட்டியுள்ளது. அக்காலத்துத் திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்ததும் அத்தீர்ப்பே. அத்தொழிலால் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. நான் கல்லூரியிற் காலடி வைத்ததும் அதனாலேயே. ஆதலின் அதைப் பழித்து எழுத என் கை எழாது. எழுதாமலிருக்கவும் மனம் ஒப்பாது.

நம் உடலுக்குள் நீர் மிகுந்தால் கழிக்கவும், குறைந்தால் காக்கவும், உப்பு மிகுந்தால் வெளியேற்றவும் காவலர் உண்டு. அவர்கள் ஒரு வாரம் தவறியதற்கே பாட்டனார் பட்ட பாடு அவ்வளவு. கிணற்றுக்கோ சிறுநீரகம் இல்லை, தாகமும் இல்லை. அதிற் சேர்ந்த உப்பை மழை சில நாள் நீர்க்கச் செய்யலாம். வெயில் நீரை மட்டும் கொண்டுபோய் உப்பை விட்டுச் செல்லும். கழிவுநீரை நுண்ணுயிர்களால் தூய்மை செய்யும் நிலையங்களும் கரைந்த உப்பை அகற்ற மாட்டா. அதைச் சவ்வினால் வடித்தோ, காய்ச்சி வற்றவைத்தோதான் பிரிக்க வேண்டும். பிரித்த உப்பை வைக்கவும் ஓர் இடம் வேண்டும். ஆகவே, குழியில் இறங்கும் முன்னரே தோலில் ஒட்டிய உப்பை உதறி எடுத்துவிடுதல் எல்லாவற்றினும் எளிது. உதறுகிற வேலையில் பாட்டனார் கைதேர்ந்தவர். "நன்றாக உதறு, தண்ணீருக்குப் போகிற உப்பு திரும்பி வராது" என்று உடனுழைத்த இளைஞரிடம் சொல்லிக்கொண்டேயிருப்பாராம்.

இப்போது ஒவ்வொரு விடுமுறைக்கும் நான் ஊர் சென்றவுடன் அவர் கேட்கும் முதற் கேள்வி, "எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், மேஸ்திரி?" என்பதே. "டாக்டரம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன், தாத்தா" என்கிறேன்.